பயிற்சியில் இருக்கும் பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுபோவது சகஜம்தானா?

17 வயது மகள் 1500 மீட்டர் ஓட்டத்துக்காகக் காலையும் மாலையும் பயிற்சி செய்கிறாள், ஐந்து மாதமாக மாதவிலக்கு வரவில்லை, பயிற்சியாளர் ‘ஓடுகிற பிள்ளைகளுக்கு இது சகஜம்’ என்கிறார், ரத்தக்குழாய்கூடப் பாதிக்கப்படும் என்று கேள்விப்பட்டேன், ஓட்டத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து மாவட்டப் போட்டிகளில் 800 மீட்டர் ஓடியவள். இப்போது உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். உங்கள் மகளுக்கு இப்போது நடப்பது 18 வயதில் எனக்கும் நடந்தது என்பதால் எழுதுகிறேன்.

பலருக்கு நடக்கிறது என்ற பொருளில் அது சகஜம்தான். ஆனால் அதனால் கவலைப்பட வேண்டாம் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

எனக்கு ஒன்பது மாதம் வரவில்லை. போட்டி நாட்களில் தொல்லை விட்டது என்று நான் மகிழ்ந்தேன். அம்மாவுக்குத்தான் தூக்கம் போயிற்று, வெளியே சொன்னால் ஊர் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளும் என்ற பயம். ஒரு மருத்துவர் மாத்திரை கொடுத்தார், ரத்தப்போக்கு வந்தது, வீட்டில் எல்லோரும் நிம்மதியானோம். மாத்திரை முடிந்ததும் பழையபடி நின்றுபோனது. அதற்குள் வலது கெண்டைக்கால் முன்னெலும்பில் கட்டைவிரல் நுனியால் மறைத்துவிடக்கூடிய அளவு இடத்தில் வலி தொடங்கி, படி இறங்கினாலே சுரீரென்றது. தஞ்சாவூரில் எலும்பு மருத்துவர் ஒருவர் அந்த இடத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, “கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சே?” என்று கேட்டார். அடுத்த கேள்வி, “காலையிலேர்ந்து என்ன சாப்பிட்டே?”

நாலரை மணிக்கு ஒரு டம்ளர் காப்பி; பாமணி ஆற்றங்கரையில் எட்டு கிலோமீட்டர்; பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் இரண்டு இட்லி; மதியம் டப்பாவில் கொஞ்சம் தயிர்சாதம்; மாலை மறுபடி பயிற்சி; இரவு ஒன்பது மணிக்கு ரசம் சோறு. வெள்ளிக்கிழமை என்றால் ஒருவேளைதான். என்னை யாரும் பட்டினி போடவில்லை, நானும் வேண்டுமென்று உணவைக் குறைக்கவில்லை. ஆனாலும் ஓட்டத்துக்குச் செலவானது போக உடம்புக்கு மிஞ்சியது போதவில்லை.

இந்த மிச்சம்தான் முழு விஷயத்துக்கும் அடிப்படை. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்குக் கொழுப்பு நீங்கலான எடை ஏறத்தாழ 40 கிலோ. அந்த எடையில் கிலோவுக்கு 45 கலோரி வீதம், அதாவது 1800 கலோரி, பயிற்சிச் செலவு போக மிஞ்ச வேண்டும். 10 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 500 கலோரி போகும் என்பதால் அவள் 2300 சாப்பிட வேண்டும். 1500 மட்டும் சாப்பிட்டால் மிஞ்சுவது கிலோவுக்கு 25. இது 30க்குக் கீழே இறங்கினால் மாதவிலக்கை இயக்கும் ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரக்கும் துடிப்புகள் ஐந்தே நாளில் தடுமாறுவதை 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை என்பது நமக்குத் தெரியும். உடம்பும் இதயத்தையும் மூளையையும் காப்பாற்றிக்கொண்டு இனப்பெருக்கத்தைக் கடைமடையில் விட்டுவிடுகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி அனுப்பும் சைகை தளர, அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பி சினைப்பையைத் தூண்டுவது குறைந்து, சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சரிந்துவிடுகிறது. எடை பார்ப்பதற்குச் சரியாக இருக்கும் பெண்ணுக்கும் இது நேரலாம்.

ரத்தக்குழாயைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்க ஈஸ்ட்ரோஜன் துணை செய்கிறது. அந்த வாயுதான் குழாயைத் தளர்த்தி விரியச் செய்கிறது. இதை அளக்க, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை முன்கையில் கட்டி ஐந்து நிமிடம் இறுக்கி வைத்துவிட்டுத் திடீரென்று விடுவார்கள். ரத்தம் பாயும்போது மேற்கைத் தமனி எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். மாதவிலக்கு நின்ற ஓட்டக்காரிகளிடம் இந்த விரிவு குறைந்திருப்பதும், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் கூடியிருப்பதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கின்றன. அதே பயிற்சியைச் செய்து ஒழுங்காக மாதவிலக்கு வரும் பெண்களிடம் அந்தக் குறை தென்படவில்லை. ஆகவே ஓட்டத்தின் மேல் பழி போடாதீர்கள். உங்கள் மகளுக்கு நாளையே இதயநோய் வரும் என்பதும் இதற்குப் பொருளில்லை: மாதவிலக்கு திரும்பியவர்களிடம் ரத்தக்குழாயின் விரிவும் மேம்பட்டிருக்கிறது. எனக்கு அதைவிட அவசரமாகப் படுவது எலும்பு, ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் அதுவும் நலியும். வாழ்நாளுக்கான எலும்பு வலுவின் பெரும்பகுதி 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. இந்த வயதில் இழப்பதைப் பிறகு முழுவதும் மீட்பது கடினம்.

இது எனது சொந்தக் கண்டுபிடிப்பில்லை. உணவுக்குறை, மாதவிலக்குக் கோளாறு, எலும்புத் தேய்வு ஆகியவற்றின் தொடர்பை 1990களிலேயே அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள் எழுதினார்கள்; 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு அதை விரித்து இதயம், ரத்தக்குழாய், நோய் எதிர்ப்பு, மனநிலை எல்லாவற்றையும் சேர்த்தது. நம் மைதானங்களில் அது இன்னும் பேசப்படவில்லை என்பதுதான் என் வருத்தம்.

மூன்று மாதம் தாண்டினாலே மகளிர் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்கள் மகளுக்கு ஐந்து ஆகிவிட்டது. தைராய்டு, பால் சுரப்புக்கான ஹார்மோனாகிய புரோலாக்டின், ஈஸ்ட்ரோஜன், இரும்புச்சத்து, சினைப்பை நீர்க்கட்டி எல்லாம் பார்ப்பார்கள். கர்ப்பப் பரிசோதனையும் செய்வார்கள். அது வழக்கமான முறை, பிள்ளையைச் சந்தேகப்படுவதாக எண்ணி முகம் சுளித்துவிடாதீர்கள். ‘வரவழைக்கும்’ மாத்திரை மட்டும் கொடுத்தால் காரணத்தைக் கேளுங்கள், ஏனென்றால் அந்த ரத்தப்போக்கு சினைப்பை விழித்துக்கொண்டதைக் காட்டாது. உணவுக்குறை அப்படியே இருக்க, எலும்பு தொடர்ந்து நலியலாம்.

வீட்டில் செய்யக்கூடியது, நாளுக்கு 300 முதல் 600 கலோரி கூட்டுவது. ஓடப்போகும் முன் ஒரு வாழைப்பழம், ஓடி வந்த அரைமணிக்குள் முட்டையோடு பழைய சோறு, பேருந்தில் தின்னக் கடலை உருண்டை. தை அறுவடைக்கு முன் வயலில் தெளித்த உளுந்து எங்கள் வீட்டுப் பானையில் எப்போதும் இருந்தது. நான் வயதுக்கு வந்தபோது நல்லெண்ணெயும் கருப்பட்டியும் விட்டு அம்மா கிண்டிய உளுந்தங்களி, சடங்கு முடிந்ததோடு நின்றுபோயிருந்தது. மருத்துவர் சொன்ன பிறகு அம்மா மறுபடி கிண்டினார். பயிற்சி நாட்களில் விரதம் வேண்டாம் என்றும் அவரே முடிவு செய்தார்.

நிறுத்திவிடலாமா என்ற கேள்விக்கு: எலும்பில் ஓரிடத்தில் குத்தும் வலி இருந்தால் உடனே நிறுத்திக் காட்டுங்கள். இல்லையென்றால், மருத்துவர் தடுக்காத வரை, தூரத்தைக் குறைத்து வாரத்தில் ஒருநாள் முழு ஓய்வு கொடுத்து ஓடட்டும். எனக்கு மாதவிலக்கு திரும்ப வர ஏழு மாதம் ஆயிற்று. எடை இரண்டரைக் கிலோ கூடியது. அடுத்த ஆண்டு மாவட்டப் போட்டியில் என் நேரம் முன்பைவிடக் குறைந்தது.