மட்டக்களப்பு மக்கள் ஏன் ஒரு கட்சியிலும் நிலையாக நிற்பதில்லை?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: மட்டக்களப்பு ஆட்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறி மாறிப் போடுகிறார்கள், 2024 நவம்பரில் நாடு முழுக்கத் தேசிய மக்கள் சக்தி பக்கம் சாய்ந்தபோது இந்த ஒரு மாவட்டம் மட்டும் சாயவில்லை, இவர்களுக்கு என்னதான் பிரச்சினை. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருந்து வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிழை என்றால் மன்னியுங்கள். ஆனால் அந்த “நிலையாக நிற்பதில்லை” எனக்குச் சுட்டது, தேத்தண்ணி ஆற ஆறத்தான் இதை எழுதுகிறேன்.

மாறியது யார் என்று முதலில் பாருங்கள். 1956இல் அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தில் கல்முனையும் பொத்துவிலும் தமிழரசுக் கட்சிக்கு ஒவ்வொரு ஆளைக் கொடுத்தன, இரண்டு பேரும் அரசாங்கப் பக்கம் போய்விட்டார்கள். 1977 ஜூலையில் பொத்துவில் மக்கள் தமிழர் விடுதலைக் கூட்டணிக்காரர் என்று கனகரத்தினத்தைத் தெரிவுசெய்தார்கள், அந்த டிசம்பரிலேயே அவர் ஐக்கிய தேசியக் கட்சி (ஐ.தே.க.). 2010இல் திகாமடுல்லையில் (அம்பாறை மாவட்டம்) தமிழ்த் தேசியக் கூட்டமைப்பில் வென்ற பியசேனவும், 2018இல் எங்கள் வியாழேந்திரனும் அதே வழி. இதில் வாக்காளர் எங்கே தாவினார்? புள்ளடி போட்ட இடத்திலேயே நின்றார். தாவினது புள்ளடி வாங்கினவர். கல்குடாவில் 1965, 1970, 1977 மூன்று முறையும் ஐ.தே.க.வின் தேவநாயகம்தான் வென்றார். அதுவும் நிலையாக நிற்பதுதானே? உங்களுக்குப் பிடித்த கட்சியில் நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

(“அதே வியாழேந்திரன் 2020இல் ராஜபக்ச ஆட்களின் மொட்டுக் கட்சியில் கேட்டும் வென்றாரே” என்று யாராவது வருவீர்கள், தெரியும். வென்றார். ஐந்து ஆசனமுள்ள விகிதாசாரத்தில் மாவட்டத்தில் ஒரு சிறு பங்கு வாக்கு இருந்தால் ஒரு ஆசனம் வரும், அதை மாவட்டமே மாறியதாகச் சொல்ல முடியாது. சரி, கொஞ்சப் பேர் மாறினார்கள்தான், ஒத்துக்கொள்கிறேன்.)

இப்போது எனக்குத் தெரிந்த தொகுதிக்கு வருகிறேன். நான் நாவற்குடா. பட்டணத்துக்கும் முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடிக்கும் நடுவில், கல்லடிப் பாலம் தாண்டி. பழைய மட்டக்களப்புத் தொகுதியின் கதை முழுக்க இந்த நடுவில் இருப்பவர்களின் கதைதான். 1947இல் முதல் உறுப்பினர் அகமது லெப்பை சின்னலெப்பை, ஐ.தே.க. 1952இல் சுயேச்சையாகக் கதிராமர். 1956இல் தமிழரசுக் கட்சியில் செல்லையா இராஜதுரை. அதற்குப் பிறகு இந்தத் தொகுதி அந்த மனிதரை விட்டதே இல்லை: 1956, 1960இல் இரண்டு தடவை, 1965, 1970, 1977. ஆறு தேர்தல். நிலையாக நிற்காத சனமாம்!

1960 மார்ச்சில் இருந்து இது இரட்டை அங்கத்தவர் தொகுதி. தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் இடம், ஒரே ஆசனம் என்றால் ஒரு பக்கம் எப்போதும் வெறுங்கையோடு நிற்கும் என்பதால் வந்த ஏற்பாடு. ஒருவருக்கு இரண்டு வாக்கு. இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாத விஷயம் என்னவென்றால், அந்த இரண்டையும் பிரித்தும் போடலாம், இரண்டையும் ஒரே ஆளுக்கும் போடலாம். விளையாட்டு முழுக்க அங்கேதான். 1960இல் இரண்டு தேர்தலிலும் இராஜதுரையோடு முஸ்லிமான மாக்கான் மாக்கார் போனார். எல்லோருக்கும் ஒரு அளவு திருப்தி. 1970இல் சுயேச்சையாக வந்த ராஜன் செல்வநாயகமும் இராஜதுரையும் வென்றார்கள், இரண்டு ஆசனமும் தமிழர் பக்கம். எங்கள் ஊரில் அதைப் பெரிய வெற்றியாகப் பேசினார்கள். ஏழு வருடம் பக்கத்து ஊர் எப்படி இருந்திருக்கும் என்று எங்களில் யாரும் யோசித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அப்பாவின் கூட்டாளி ஒருவர் காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருந்தார். “அடுத்தமுறை நாங்களும் எண்ணிப்போட்டுத்தான் போடுவம் டெய்லர்” என்று அவர் சிரித்துக்கொண்டு சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

1977 வந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. கூட்டணி சார்பில் உதயசூரியன் சின்னத்தில் இராஜதுரை. அதே அணியின் ஆள் என்றுதான் சொன்னார்கள், ஆனால் தமிழரசுக் கட்சியின் பழைய வீட்டுச் சின்னத்தில் காசி ஆனந்தன். இரண்டு பேரும் போனால் 1970 மாதிரி இரண்டு ஆசனமும் நமக்கு என்பது கணக்கு. கடதாசியில் அழகான கணக்கு. இங்கே ஒவ்வொரு வளவிலும் அது அடிபிடியாகத்தான் முடிந்தது, எங்கள் வீடு அதற்கு நல்ல உதாரணம்.

அப்பா பட்டணத்தில் தையல் கடை. இராஜதுரை மேடையில் பேசினால் தைத்துக்கொண்டிருக்கும் சட்டையை மெசினிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார். “சொல்லின் செல்வர்” என்று சும்மா பெயர் வரவில்லை. மாமா, அம்மாவின் தம்பி, அப்போது இருபத்திரண்டு வயது, வேலை இல்லை, காசி ஆனந்தனின் கவிதைகளைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார், அவர் சிறைக்குப் போய் வந்தவர் என்பதில் மாமாவுக்கு ஒரு தனிப் பெருமை. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும், கலியாணம் கட்டி வந்து சேருவது ஆண்தான். ஆக அப்பா இருந்தது அம்மாவின் வீட்டில், மாமியாரோடு. அம்மம்மா கூழ் மாதிரி பசை காய்ச்சிக் கொடுத்தா, அதே பசையில் அப்பா வேலியில் சூரியனை ஒட்டினார், விடியப் பார்த்தால் படலையில் வீடு.

“இது என்ட அக்காட வீடு அத்தான். இஞ்ச வீட்டைத்தான் ஒட்டலாம்” என்றார் மாமா.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி லாம்பைக் கொளுத்தாமல் இருட்டில் இருந்து சோறு தின்றார். “ஏன் இருட்டுக்க?” என்று அம்மா கேட்க, “உன்ட தம்பியைக் கேள், வீட்டுக்குச் சூரியன் வேணுமா வேணாமா எண்டு” என்றார். எனக்கு அது அப்போது விளங்கவில்லை, சிரிப்பு வந்தது, மாமா குட்டினார்.

எங்கள் வீட்டில் நாலு வாக்காளர், எட்டு வாக்கு. தலைமை சொன்னபடி ஆளுக்கு ஒன்று சூரியனுக்கு, ஒன்று வீட்டுக்கு என்று போட்டிருந்தால் நாலுக்கு நாலு. அப்பா இரண்டையும் சூரியனுக்கே போட்டார், சொல்லிக்கொண்டே போட்டார். மாமா இரண்டையும் வீட்டுக்கு. அம்மா யாருக்குப் போட்டா என்று கண் மூடும்வரை சொல்லவில்லை. ஜூலை 21 தேர்தல், முடிவு வந்தபோது முதலாவது இராஜதுரை, இரண்டாவது ஐ.தே.க.வின் டொக்டர் அகமது பரீத் மீராலெப்பை, மூன்றாவது காசி ஆனந்தன். அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடந்த சண்டையில் அம்மம்மாதான் குறுக்கே வந்தா. “நான் ஒண்டு அவருக்கும் ஒண்டு இவருக்கும்தான் போட்ட. நீங்க ரெண்டு பேரும் ஒரே பானையில தின்னிறீங்க, எனக்கு வேற என்ன செய்யலாம்?” படிக்காத மனுசி. அந்த வீட்டில் கணக்குச் சரியாகப் போட்டது அவ ஒருத்திதான் என்பது எனக்கு எவ்வளவோ காலம் கழித்துத்தான் விளங்கியது.

முஸ்லிம்கள் எங்கள் ஆசனத்தைப் பறித்தார்கள் என்று இன்றைக்கும் சொல்லும் பழைய ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த இரண்டாவது ஆசனம் இருந்ததே அதற்காகத்தான். அவர்கள் பக்கமும் ஒன்றாக நிற்கவில்லை, முன்னாள் கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூதும் சுதந்திரக் கட்சியில் இங்கேதான் கேட்டுத் தோற்றார். புடவைக்கடைக்காரர் சொன்ன மாதிரி அவர்கள் எண்ணிப் போட்டார்கள், நாங்கள் கோபத்தில் போட்டோம். இதை எழுதினதற்கு என்னைத் துரோகி என்று சொல்லப் போகிறவர்கள் தயவுசெய்து 1970 முடிவையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மறுகா 1978 நவம்பர் 23 சூறாவளி. கூரை போய்விட்டது, தென்னை ஒன்று மிஞ்சவில்லை, அப்பாவின் மெசின் மூன்று நாள் தண்ணீரில் கிடந்தது. 1979 மார்ச்சில் இராஜதுரை ஐ.தே.க. அரசாங்கத்தில் சேர்ந்து அமைச்சரானார். மாமா வீட்டுக்குள் வந்து செய்தியைச் சொல்லிவிட்டு அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா நூல் கோத்துக்கொண்டிருந்தார். “ஊர் கிடக்கிற கிடையில யாராவது போய்க் கேக்கத்தானே வேணும்” என்றார். அவ்வளவுதான். அவர் மனதார அப்படி நினைத்தாரா, மைத்துனனுக்கு முன்னால் விட்டுக்கொடுக்காமல் சொன்னாரா தெரியாது. அதற்குப் பிறகு அவர் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை.

அப்புறம் எங்களுக்கு மாறி மாறிப் போடத் தேர்தல்தான் எங்கே இருந்தது? 1982 டிசம்பரில் சர்வஜன வாக்கெடுப்பு வைத்துப் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டினார்கள். 1977இல் தெரிவான பாராளுமன்றத்துக்கு அடுத்த தேர்தல் 1989இல்தான். பன்னிரண்டு வயதில் பசை வாளி தூக்கின நான் பாராளுமன்றத்துக்கு முதல் வாக்குப் போடும்போது இருபத்திநாலு. அதுவும் இந்திய இராணுவம் சந்திக்குச் சந்தி நின்ற காலம். பழைய தொகுதி போய் மாவட்டம் முழுக்க விகிதாசாரம், விருப்பு வாக்கு. அந்தத் தேர்தலில் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கமே மட்டக்களப்பில் கேட்டுத் தோற்று, கட்சி நியமிக்கும் தேசியப்பட்டியல் ஆசனத்தில்தான் போனார்.

வாக்கு என்றதும் இதையும் சொல்லாமல் விட முடியாது. பிறகு நான் ஆசிரியராகி எத்தனையோ தேர்தலில் கடமை பார்த்தேன், வாக்களிப்பு நிலையத்தில் நுளம்புக்கு நடுவே படுத்தேன், சீல் வைத்த பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு லொறியில் வந்தேன். ஆனால் என் சொந்தப் பெயர் தேருநர் இடாப்பில் (வாக்காளர் பட்டியலில்) வருடக்கணக்காகப் பிழை. அப்பாவின் பெயரில் ஒரு எழுத்தை விழுங்கிவிட்டார்கள். திருத்தச் சொல்லிப் படிவம் கொடுத்தால் அடுத்த வருடம் அந்த எழுத்து வரும், வேறொரு எழுத்து போய்விடும். ஓய்வூதியத்துக்குப் போனபோது, “இது நீங்கள்தான் என்று சத்தியக்கடதாசி கொண்டு வாருங்கள்” என்றார் ஒரு அலுவலர். எத்தனையோ வருடம் மற்றவர்களின் பெயரைச் சரிபார்த்து விரலுக்கு மை பூச வைத்தவன் நான். நாலு தடவை அலைந்தேன். அங்கே ஒரு மின்விசிறிகூட இல்லை. சரி, அதை விடுங்கள்.

2020இல் அம்பாறையில் எங்கள் வளவுக் கதை அப்படியே திரும்ப நடந்தது. கூட்டமைப்புக்கும் முன்னாள் புலித் தளபதி கருணாவுக்கும் தமிழ் வாக்குப் பிரிந்து, மாவட்டத்தில் ஒரு தமிழரும் தெரிவாகவில்லை. கடைசியில் கலையரசனுக்குத் தேசியப்பட்டியல் கொடுத்துச் சமாளித்தார்கள். மட்டக்களப்பிலும் கூட்டமைப்புக்கு அந்த முறை இரண்டுதான். அந்த அடி ஞாபகத்தில் இருந்தபடியால்தான் 2024இல் இங்கே பலர் ஒன்றாகப் போட்டார்கள் என்று நான் நினைக்கிறேன். தேசிய மக்கள் சக்தித் தலைவர் அநுரவின் அலை இங்கே அடிக்கவில்லை என்று இல்லை, அவர்களுக்கும் ஒரு ஆசனம் கிடைத்தது, முஸ்லிம் காங்கிரசுக்கு ஒன்று, தமிழரசுக்கு மூன்று. சாணக்கியன், சிறிநேசன், சிறிநாத். அம்பாறையிலும் கோடீஸ்வரன் திரும்ப வந்தார். இதைத் தேசியவாதம் என்பீர்களோ பிடிவாதம் என்பீர்களோ, எனக்கு அம்மம்மாவின் கணக்கு மாதிரித்தான் தெரிந்தது. இது என் கருத்து, ஆய்வு இல்லை.

முடிவு வந்த விடியற்காலை மாமா ரொறன்ரோவில் இருந்து கோல் எடுத்தார். வயது எழுபதுக்குக் கிட்ட.

“எத்தினைடா?”

“மூண்டு மாமா.”

“எதில?”

“வீட்டிலதான்.”

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. நாற்பத்தியேழு வருடத்துக்கு முந்திய அந்தப் படலை வீடு ஞாபகம் வந்து மனுசன் அழுகிறாரோ என்று நினைத்தேன். பிறகு கேட்டார், “நீ எதுக்குடா போட்ட?”

அது இரகசிய வாக்கெடுப்பு மாமா என்றேன். “கொப்பன்ட பிள்ளைதானே” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.