கிணற்று நீரில் ஒளிரும் சாயம்

கேள்வி: ஊரில் எங்கள் கிணற்றுப் பக்கம், நிலத்தடி நீரின் போக்கை அறியப் பச்சைச் சாயம் கலக்கப்போவதாக அம்மா தொலைபேசியில் சொன்னார். உடலுக்குக் கெடுதலா? – வாசகி, ஈசூன்

பதில்: எந்தச் சாயம் என்பதைப் பொறுத்தது, அம்மா. பச்சையாக ஒளிரும் ஃப்ளோரசீன், விழித்திரையைப் படமெடுக்கக் கண் மருத்துவர்கள் ரத்தக்குழாயில் செலுத்தும் அதே பொருள்தான். 1877-இல் ஜெர்மனியில் டான்யூப் ஆற்றில் அதை 10 கிலோ கரைத்தபோது, ஏறத்தாழ 60 மணி நேரத்தில் தொலைவிலுள்ள ஆக் என்னும் ஊற்று பச்சையாக ஒளிர்ந்து நிலத்தடி வழியைக் காட்டிக்கொடுத்தது. கண்ணுக்குத் தெரியாத அளவையும் இன்று கருவி கண்டறிவதால் மிகக் குறைவாக இட்டாலே போதும். ஆனால், 2024-இல் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்த் தடைக்குக் காரணமான இளஞ்சிவப்புச் சாயம் ரோடமின் பி என்றால் நான் சம்மதிக்கவே மாட்டேன். சாயத்தின் பெயரையும் அளவையும் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். நீரில் நிறம் தெரிந்தால், அது மறைந்து பரிசோதனை முடியும்வரை குடிக்க வேறு நீரைப் பயன்படுத்தட்டும்.