மொய் எழுத வந்தவர்களா?

கேள்வி: சிமமாண்டா அடிச்சியின் நாவல் ஒன்றைப் படித்ததிலிருந்து நைஜீரியாவை விட மனமில்லை. உலக இலக்கியத்துக்கு நைஜீரியப் பெண் எழுத்தாளர்கள் ஆற்றிய பங்களிப்பைப் பட்டியலிட முடியுமா? – வாசகி ஒருவர், தேனி.

பதில்: பட்டியல் வேண்டாம். உங்கள் கேள்வியில் இருக்கும் ‘பங்களிப்பு’ என்ற சொல்லோடு எனக்கு ரொம்ப நாளாக ஒரு மல்லுக்கட்டு இருக்கிறது.

கல்யாண மண்டபத்து வாசலில் மேஜை போட்டு, மஞ்சள் தடவிய நோட்டோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். இன்னார், இன்ன ஊர், ஐந்நூற்றொன்று. அதுதான் பங்களிப்பு. சாப்பிட வந்தவர் எழுதிவிட்டுப் போவது. வீட்டுக்காரர் தன் வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதுவாரா? ஆண் எழுதினால் நாவல் என்கிறோம். பெண் எழுதினால் மட்டும் பங்களிப்பு என்று நோட்டில் ஏற்றிவிடுகிறோம். இந்தப் பக்கத்தில் இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

நைஜீரியாவின் ஒகுடா ஏரிக்கரையில் பிறந்த ஃப்ளோரா நுவாபா தன் முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியை, அந்த நாட்டின் பெரிய நாவலாசிரியர் சினுவா அச்சிபிக்கு அனுப்பினார். அவர் படித்துப் பாராட்டி, லண்டன் பதிப்பகத்துக்கு அனுப்பத் தபால் செலவுக்கான பணத்தையும் சேர்த்து அனுப்பினார். 1966-இல் ‘எஃபுரு’ வந்தது. அதில் நாயகி எஃபுரு, பரிசம் கட்ட வழியில்லாத ஒருவனோடு தானே போய்க் குடும்பம் நடத்துகிறாள். இருவரும் வியாபாரம் செய்து சம்பாதித்து, அப்புறம்தான் அவள் தகப்பனுக்குப் பரிசப் பணம் போகிறது. (இதை யாராவது ‘வரதட்சணை’ என்று மொழிபெயர்த்தால் எனக்குக் கோபம் வரும். பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதுதானே அங்கே விஷயம்! பரிசம் என்று நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது.) நாவல் முழுக்கப் பெண்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று அன்றைய விமர்சகர்கள் குறைப்பட்டார்கள். அந்தப் பேச்சுக்குள்தான் கடன், விலைவாசி, வைத்தியம், யார் பிள்ளை யாரிடம் வளர்கிறது என்ற ஊர்க் கணக்கு மொத்தமும் இருக்கிறது. அந்தப் பேச்சை எடுத்துவிட்டால் ஒகுடாவே இல்லை.

நாவல் ஒரு கேள்வியோடு முடிகிறது. ஏரியில் இருக்கும் பெண் தெய்வத்துக்குப் பிள்ளை இல்லை, தாய்மையின் இன்பமே தெரியாது. பிறகு ஏன் பெண்கள் அவளைக் கும்பிடுகிறார்கள்? அந்தக் கடைசி வரியிலிருந்து இரண்டு சொல்லை எடுத்துத் தன் நாவலுக்குத் தலைப்பாக வைத்தார் இன்னொரு நைஜீரிய எழுத்தாளர் புச்சி எமெசெடா: ‘தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்’, 1979. அதன் நாயகி (பெயர் ‘ன்னு ஈகோ’) வரிசையாகப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்துவிட்டு, கடைசியில் சாலையோரத்தில் தனியாகச் செத்துப்போகிறாள். பிள்ளைகள் தடபுடலாகக் கருமாதி செய்து கோயிலும் வைக்கிறார்கள். பிள்ளை வரம் கேட்டு அங்கே பெண்கள் போகிறார்கள். அவள் ஒருத்திக்கும் கொடுப்பதில்லை. ஒரு எழுத்தாளர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொண்டார், பாருங்கள். இதற்குப் பெயர் மரபு.

எமெசெடாவின் முதல் கையெழுத்துப் பிரதியை அவர் கணவரே எரித்துவிட்டார். அந்த மனிதரை விட்டு லண்டனில் ஐந்து குழந்தைகளோடு தனியாக வாழ்ந்து, சமூகவியல் படித்து, எரிந்ததை மறுபடி எழுதினார். 1976-இல் அது ‘தி பிரைடு பிரைஸ்’ என்று வெளிவந்தது. அதுவும் பரிசக் கதைதான்.

நெருப்பு என்றதும் கானோ நகரம் நினைவுக்கு வருகிறது. வடக்கு நைஜீரியாவில் ஹௌசா மொழியில் பெண்கள் எழுதும் மெல்லிய காதல், குடும்ப நாவல்கள் சந்தைக் கடைகளில் குவியல் குவியலாக விற்கும். 2007-இல் இந்த மாதிரிப் புத்தகங்களை அங்கே அரசே பொது இடத்தில் கொளுத்தியது. இந்த வகையில் பெரிய பெயர் பலரபா ராமத் யாகுபு. சிறுமியாக இருக்கும்போதே கட்டிக்கொடுக்கப்பட்டு, பிற்பாடு முதியோர் கல்வி வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். அவருடைய நாவலின் தலைப்பு ஒரு ஹௌசாப் பழமொழி: செய்த பாவம் நாய்க்குட்டி மாதிரி, பின்னாலேயே வரும். ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்று படித்து வளர்ந்த நமக்கு அதை விளக்க வேண்டுமா? நாயகி ராபியை அவள் கணவன் ஒன்பது பிள்ளைகளோடு வெளியே துரத்துகிறான். அவள் சமைத்து விற்றே நிமிர்கிறாள். அப்புறம் அவன் நொடித்துப்போனதும், சேர்த்துக்கொள் என்று சொந்தபந்தம் வந்து நிற்கிறது.

இந்த நாவலை 2012-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது லண்டனோ நியூயார்க்கோ இல்லை. நம் சென்னையில் இருக்கும் பிளாஃப்ட் பதிப்பகம். தமிழ் மாத நாவல்களை மொழிபெயர்த்துத் தொகுத்தவர்களும் அவர்கள்தான். அதனால்தான் கானோவின் அருமை அவர்கள் கண்ணுக்குப் பட்டது என்று நினைக்கிறேன். மாத நாவலை எழுத்து என்றே ஒப்புக்கொள்ளாத நண்பர்களோடு எனக்கு இருபது வருடச் சண்டை. என் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து, உலை கொதிக்கிற நேரத்துக்குள் நான்கு பக்கம் படித்துவிடுவார். அட்டையில் மாவுக் கறை இருக்கும். அந்தப் புத்தகங்களை மட்டமாகப் பேசினால் எனக்கு இன்னும் சுருக்கென்றுதான் இருக்கிறது.

அடிச்சியை விடாமல் படியுங்கள். அடுத்து ராபியின் கதைக்கு வாருங்கள். படித்துவிட்டு எழுதுங்கள்: சொந்தக்காரர்கள் வந்து நின்றபோது ராபி என்ன செய்திருக்க வேண்டும்? உங்கள் பதிலை இதே பக்கத்தில் போடுகிறேன்.