கத்தி வாய் உதிர்கிறதா? முதலில் வெடிப்பைப் பாருங்கள்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கின லொறி ஸ்பிரிங் தகட்டில் கத்தி செய்து, சுட்டுத் தண்ணீரில் தோய்த்தபோது ‘டிங்’ என்று சத்தம் வந்தது, இப்போது மீன்முள்ளில் பட்டாலே வாய் உதிர்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சத்தம்தான் எனக்குக் கவலை, அலகு வெடித்த சத்தமாக இருக்கலாம். அலகில் மண்ணெண்ணெய் பூசி, பத்து நிமிஷம் விட்டு, நன்றாகத் துடைத்துச் சோக்குத்தூள் தடவுங்கள். வெடிப்பிருந்தால் உள்ளே நின்ற எண்ணெய் ஊறி மயிரிழை போல ஒரு கோடு காட்டும். கோடு தெரிந்தால் அந்த அலகை விட்டுவிடுங்கள். எந்தப் பதமும் (தோய்த்த அலகை மறுபடி மெல்லச் சூடாக்கி, உதிராமல் ஆக்குவது) அந்த வெடிப்பை ஒட்டவைக்காது.

கோடு இல்லையா, நல்லது. தோய்த்த பிறகு பதம் வைக்காததால்தான் வாய் கண்ணாடி போல நிற்கிறது. சுட்டதில் படிந்த கறுப்பைத் தேய்த்து மினுக்கி, அவணில் 200 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஆறவிட்டு இன்னொரு தடவை. வைக்கோல் நிறம் ஏறும்.

அடுத்த கத்திக்குத் தண்ணீரே வேண்டாம். சிரட்டைக் கரியில் காந்தம் ஒட்டாமல் போகும்வரை (770 பாகையளவு) சுட்டு, இன்னும் கொஞ்சம் ஏற்றி, 50–60 பாகைக்குச் சூடாக்கின தேங்காய் எண்ணெயில் நேராக இறக்குங்கள். வெயிலில் நிறம் ஏமாற்றும், பொழுதுபட்ட பிறகு செய்யுங்கள். இரும்புப் பாத்திரம், பக்கத்தில் மூடி. தீப்பிடித்தால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது. ஃபிளாட் பல்கனியில் மட்டும் செய்யாதீர்கள், தயவுசெய்து.