அப்பாவை பத்ரிக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். அப்பாவுக்கு 68 வயது. சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று சொல்லி ஆறு வருடமாக இன்ஹேலர் எடுக்கிறார். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. ரயில்வே பாலம் ஏறினால் மட்டும் பாதியில் நின்றுவிடுவார். செப்டம்பர் கடைசியில் மாட்டுங்காவிலிருந்து ஒரு குழு பத்ரி, கேதார் போகிறது. “ஹெலிகாப்டர் இருக்கு, ஆக்சிஜன் கேன் இருக்கு, கவலைப்படாதீங்க” என்கிறார் டூர்காரர். அழைத்துப் போகலாமா?

பதில்: பரிசோதனைகள் ஒத்துவந்தால் பத்ரிக்குப் போகலாம். கேதார் வேண்டாம். அப்பாவிடம் வாதாடப் போவது நீங்கள்தான் என்பதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மலைமேல் காற்றில் ஆக்சிஜனின் பங்கு குறைவதில்லை, அங்கேயும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். மும்பையில் சுமார் 760 மி.மீ. பாதரசம் என்றால் 3,100 மீட்டருக்கு மேலிருக்கும் பத்ரியில் ஏறக்குறைய 520. அதாவது இங்கே ஒரு மூச்சில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே. நல்ல நுரையீரல் வேகமாக மூச்சு வாங்கி ஈடுகட்டிவிடும். சிஓபிடிக்காரருக்குக் காற்றுக்குழாய்கள் ஏற்கெனவே குறுகல். வேகமாக மூச்சு வாங்கினால் பழைய காற்று முழுக்க வெளியேறாமல் உள்ளேயே தங்கி, நெஞ்சு இன்னும் அடைக்கும். ரத்த ஆக்சிஜனும் ஒரே சீராக இறங்காது. 90 சதவீதம் வரை மெல்லிய இறக்கம், அதற்குக் கீழே செங்குத்துச் சரிவு. இங்கேயே விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 93 காட்டுபவர் அந்தச் சரிவின் விளிம்பில் நிற்கிறார்.

அப்பாவுக்கு உட்கார்ந்தபடி 96 காட்டினாலும் நான் நம்பமாட்டேன். பாலத்தில் நின்றுவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, என் கவனமெல்லாம் அங்கேதான். ஆறு நிமிட நடைப் பரிசோதனையில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஊதவைத்து நுரையீரலை அளக்கும் ஸ்பைரோமெட்ரியும் புதிதாக ஒன்று. இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவைத் தவிர்க்கவே கூடாது. ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் இறுகும். அங்கே அழுத்தம் முன்பே கூடியிருந்தால் இதயத்தின் வலப்பக்கம் திணறிவிடும், பயணத்தை அதோடு விட்டுவிட வேண்டியதுதான். வசதியுள்ள சில மருத்துவமனைகளில் 15 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்றை 20 நிமிடம் சுவாசிக்க வைத்துப் பார்ப்பார்கள். விமானத்துக்குள் இருப்பதும் கிட்டத்தட்ட அந்த அளவுதான், 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம். ஆகவே இங்கிருந்து டேராடூன் வரை விமானத்தில் போனால், அந்த விமானமே அவருக்கு முதல் மலை. சொந்த சிலிண்டரை விமானத்தில் ஏற்றமாட்டார்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கையடக்க கான்சன்ட்ரேட்டருக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

கேதார் 3,583 மீட்டர். நடந்தால் கௌரிகுண்டிலிருந்து 16 கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம். ஹெலிகாப்டர் காலுக்குத்தான் உதவி, நுரையீரலுக்கு இல்லை. சில நிமிடங்களில் மேலே இறக்கிவிட்டால் உடம்பு பழக எங்கே நேரம்? அந்த கேன் விஷயம்: 10 லிட்டர் கேனை நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் திறந்தால் ஐந்து நிமிடத்தில் காலி. கற்பூரத்தை முகர்ந்தால் மூச்சு வரும் என்று குழுவில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். மூக்கு குளிர்வதால் அப்படித் தோன்றும், ஆக்சிஜன் ஒரு துளியும் அதிகமாகாது.

பத்ரிக்கு வாசல் அருகே வரை வண்டி போகும். ஆனால் அங்கே இரவு தங்காதீர்கள். தூக்கத்தில் மூச்சு தானாகவே ஆழம் குறையும். பகலில் சமாளிப்பவர்கூட ராத்திரியில் வெகுவாக இறங்கிவிடுவார். ரிஷிகேஷில் ஒரு இரவு, பீபல்கோட்டியில் ஒரு இரவு, பிறகு 1,900 மீட்டர் அளவிலுள்ள ஜோஷிமட்டில் இரண்டு இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பத்ரி 45 கிலோமீட்டர்தான். காலையில் கிளம்பி, தரிசனம் முடித்து, பிற்பகலில் இறங்கிவிடலாம். அப்பா திவ்யதேசக் கணக்கு வைப்பவர் என்றால் ஜோஷிமட்டைத் திருப்பிரிதி என்று சொல்வாரும் உண்டு, அங்கே தங்க மனம் ஒப்பும்.

வண்டியில் நிஜமான சிலிண்டரோ கான்சன்ட்ரேட்டரோ இருக்கட்டும். மண்சரிவில் பாதை அடைபட்டால் நாள்கணக்கில் நிற்க நேரும், பயண நாள்களுக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு மருந்தைக் கையில் கொண்டுபோங்கள். இன்ஹேலரைச் சட்டையின் உள்பையில் வையுங்கள், குளிரில் ஸ்ப்ரே சரியாக வராது. விரலைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகே ஆக்சிமீட்டர் மாட்டுங்கள். எல்லோரும் போடுகிறார்களே என்று மலை நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையைத் தானாகப் போட்டுவிட வேண்டாம். கரியமில வாயு தேங்கும் நோயாளிக்கு அது ஆபத்தாகலாம். தூக்க மாத்திரை கூடவே கூடாது.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இளைத்தால், உதடு நீலம் பூத்தால், பேச்சு குழம்பினால் ஆக்சிஜனைப் போட்டு உடனே கீழே இறக்குங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிஓபிடி தீவிரமாகிவிட்டதா, உயரத்தால் வரும் மலை நோயா என்று அங்கே ஆராய வேண்டாம், இரண்டுக்கும் இறங்குவதுதான் முதல் வேலை.

பயணத்துக்கு நாலைந்து வாரத்துக்குள் சளி கூடி மருந்தை மாற்ற நேர்ந்தால் இந்த வருடம் வேண்டாம். ஃப்ளூ தடுப்பூசியை இப்போதே போட்டுவிடுங்கள். அட்வான்ஸ் கட்டியாயிற்று என்றால், கேதார் ஹெலிகாப்டர் பணத்தை இன்றே திருப்பிக் கேளுங்கள். மிச்சத்தை நடைப் பரிசோதனை முடிவு கைக்கு வந்தபின் கட்டலாம்.