மொத்தமாகச் சுருக்கிய படங்களில் சில மட்டும் ஏன் படுத்துக்கொள்கின்றன?
முந்நூறு படங்களை ஒரே ஓட்டத்தில் சுருக்கியபின், செங்குத்தாக எடுத்தவை மட்டும் பக்கவாட்டில் கிடப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். கேமராவைத் திருப்பிப் பிடித்தாலும் பெரும்பாலான கேமராக்கள் பிக்சல்களை இடம் மாற்றுவதில்லை. படக் கோப்புக்குள்ளேயே கேமரா பதிந்துவைக்கும் விவரங்களான எக்ஸிஃப் (EXIF) தகவலில், படம் எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் குறிக்க 1 முதல் 8 வரையிலான ஓர் எண்ணை மட்டும் எழுதிவைக்கின்றன. அது 6 எனில், படத்தை வலப்புறமாக 90 பாகை திருப்பிக் காட்ட வேண்டும் என்று பொருள். கோப்பின் எடையைக் குறைக்க எக்ஸிஃப் தகவலை நீக்கச் சொல்லியிருந்தால், இந்த எண்ணும் சேர்ந்தே போயிருக்கும் (எடுத்த தேதியும்தான், அது வேறு தலைவலி). ஆகவே மூலப் படங்களிலிருந்தே மீண்டும் தொடங்கி, தானாகத் திருப்புவதை முதலிலும், சுருக்குவதை அடுத்தும், தகவல் நீக்கத்தைக் கடைசியிலும் வையுங்கள். படங்களை மொத்தமாக மாற்ற உதவும் இமேஜ்மேஜிக் (ImageMagick) மென்பொருளின் மோக்ரிஃபை (mogrify) கட்டளை பொதுவாக மூலக் கோப்பின் மேலேயே எழுதிவிடும் என்பதால், முதலில் நாலைந்து நகல்களில் ஓட்டிப் பாருங்கள்.