நிரந்தரம்னா யார் யார் கையெழுத்து?

கேள்வி: முதல் உலகப்போர் நடத்தின ஜனாதிபதியே "நிரந்தர அமைதி ஒப்பந்தம் வேணும்"னு ரயில்ல ஊர் ஊரா போய் மக்கள்கிட்ட பேசினாராமே, அமெரிக்காவோட உட்ரோ வில்சன். அவர் பேச்சை கேட்டிருந்தா ஹிட்லர் வந்திருப்பானா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: ஹிட்லரை விடுங்க. உங்க கேள்வியில "நிரந்தர"ன்னு ஒரு வார்த்தை இருக்கே, அதுதான் என்னை புடிச்சு இழுக்குது. நம்ம பக்கம் பழைய பாகப்பிரிவினை பத்திரத்துல "சூரிய சந்திரர் உள்ளவரை"ன்னு எழுதியிருப்பாங்க. எழுதிட்டா நிரந்தரம் ஆயிடுமா? கட்டிக் கொடுத்த தங்கச்சிதானேன்னு ஒருத்தி கையெழுத்தை விட்டிருப்பாங்க, இருபது வருஷம் கழிச்சு அவ பையன் வளர்ந்து வக்கீல் நோட்டீஸ் விடுவான், அப்ப சூரியனும் வராது சந்திரனும் வராது, கோர்ட் வாசல்ல நாமதான் நிக்கணும். பத்திரத்தை தாங்குறது வாசகம் இல்லீங்க, கையெழுத்து. நான் எந்த கேள்விக்கும் பத்திரத்துல வந்து நிக்கிறேன்னு போன மாசம்கூட ஒருத்தர் கோவமா எழுதியிருந்தார், பரவால்ல, இதுலயும் அங்கதான் நிக்கப்போறேன்.

வில்சனுக்கு இது தெரியாதுன்னு நினைக்காதீங்க. 1917 ஜனவரி 22, அமெரிக்கா இன்னும் போர்ல இறங்கல, அவங்க நாடாளுமன்ற மேல்சபையான செனட்ல பேசுறார், ஜெயிச்சவன் தோத்தவன் மேல திணிக்கிற சமாதானம் புதைமணல் மேல நிக்கிற மாதிரிதான்னு. எவ்வளவு சரியான பேச்சு! ஆனா போர் முடிஞ்சு 1919 ஜூன் 28 அன்னைக்கு பிரான்ஸ்ல வெர்சாய் அரண்மனையில நடந்தது என்ன? ஜெர்மன்காரங்களை பேச்சுவார்த்தை மேசையில உக்கார விடாம ஷரத்தெல்லாம் எழுதி முடிச்சு, கையெழுத்து போடுன்னு கூப்பிட்டாங்க. புதைமணல்னு சொன்ன மனுஷனே அந்தக் கட்டடத்துக்கு ஆதரவு கேட்டு செப்டம்பர் 3 அன்னைக்கு ரயில் ஏறினார்.

அந்த பயணத்தை நான் கொச்சைப்படுத்த மாட்டேன். 22 நாள், சுமார் 8,000 மைல், கிட்டத்தட்ட 40 கூட்டம், தலைவலி உயிரை எடுக்குது, டாக்டர் வேண்டாம்னு சொல்லியும் போனவர். ஒமாஹாவுல சொன்னார், உலக நாடுகள் சேர்ந்து தடுக்க வழி பண்ணலேன்னா அடுத்த தலைமுறைக்குள்ள இன்னொரு உலகப்போர் வரும், இது நிச்சயம்னு. சரியா இருபது வருஷத்துல வந்துச்சு. கொலராடோவுல ப்யூப்ளோன்னு ஒரு ஊர், செப்டம்பர் 25, பிரான்ஸ்ல மகனை பறிகொடுத்த தாய்மாருங்க தன் கையை புடிச்சு அழுததை சொல்றப்ப அவர் கண்ணும் கலங்கிடுச்சு. அன்னைக்கு ராத்திரியே உடம்பு முடியாம போய் ரயிலை வாஷிங்டனுக்கு திருப்பிட்டாங்க, அக்டோபர் 2 பக்கவாதம், இடது பக்கம் விழுந்துடுச்சு.

சரி, பாடப்புத்தகத்துல என்ன போடுவான்? "செனட் ஏற்கவில்லை"ன்னு ஒரே வரி. இந்த ஒரு வரி மேல எனக்கு வருஷக்கணக்கா கோவம். மக்கள் கைதட்டினாங்க, ஆனா ஓட்டு மக்கள்கிட்ட இல்ல, செனட்ல மூணுல ரெண்டு பங்கு வேணும், அங்க பெரும்பான்மை எதிர்க்கட்சி குடியரசுக் கட்சிக்கு. அந்த கட்சி செனட்டர் ஒருத்தரைக்கூட வில்சன் பாரிஸ் சமாதான பேச்சுக்கு கூட்டிட்டு போகல. எதிர்க்கட்சி தலைவர் ஹென்றி காபட் லாட்ஜ் 14 நிபந்தனை வச்சார், முக்கியமானது, அந்த ஒப்பந்தத்துல வந்த உலக நாடுகள் சங்கத்தோட (லீக் ஆஃப் நேஷன்ஸ்) பத்தாவது ஷரத்து பத்தி, அதாவது இன்னொரு நாட்டை காப்பாத்த நம்ம படையை அனுப்பணும்னா அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சம்மதிக்கணும்ங்கறது. இதுல என்ன கொலைக்குத்தம்? வில்சன் படுக்கையில இருந்தே முடியாதுன்னுட்டார். 1920 மார்ச் 19, அந்த நிபந்தனைகளோட ஓட்டெடுப்பு, ஆதரவு 49, எதிர்ப்பு 35, ஏழே ஓட்டு குறை. அந்த 35-ல 23 பேர் அவர் சொந்த கட்சிக்காரங்க, அவர் சொன்னதுக்காக எதிர்த்து போட்டவங்க! ஒப்பந்தத்துக்காக உடம்பையே கொடுத்த மனுஷன்தான் அதுக்கு கடைசி மண்ணும் போட்டது, இதை எப்படிங்க ஒரே வரியில எழுத முடியுது?

கையெழுத்துன்னதும் எங்க மதுரைக்காரர் ஒருத்தர் ஞாபகம் வர்றார். சர் எஸ். சுப்ரமணிய ஐயர், மணி ஐயர்னு சொல்வாங்க, சென்னை ஹைகோர்ட் ஜட்ஜா இருந்தவர். ஜனநாயகத்துக்காக போர்னு வில்சன் பேசினதை நம்பி 1917 ஜூன்ல, அன்னி பெசன்ட்டை ஊட்டியில காவல்ல வச்சிருந்த சமயம், இந்தியாவுக்கு சுயாட்சி வேணும்னு வில்சனுக்கே கடிதம் எழுதினார், அப்ப அவருக்கு வயசு 74. லண்டன்ல பிரிட்டிஷ் அரசோட இந்திய விவகார மந்திரி மாண்டேகு அந்த கடிதத்தை கடுமையா கண்டிச்சார். இவர் சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் வேண்டாம்னு துறந்துட்டார்.

1919-ல அந்த வெர்சாய் ஒப்பந்தத்துல இந்தியா சார்பா ரெண்டு கையெழுத்து விழுந்துச்சு. ஒண்ணு பிகானேர் மகாராஜா. இன்னொண்ணு அதே மாண்டேகு.